மூன்றாம் பெஞ்சுப் பெண்

ஓர் இடத்தில் யார் உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று பார்த்து எழுதுவதுதான் என் வேலை. இதைச் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்பார்கள். தருகிறார்கள், என்ன செய்யச் சொல்கிறீர்கள்? பூங்கா, சதுக்கம், நடைபாதை என்று பொது இடங்களை வடிவமைக்கிற அலுவலகம் எங்களுடையது. வரைகிறவர்கள் கம்ப்யூட்டரில் மரம் நடுவார்கள், அதன் நிழலில் சிரித்த முகமாக நாலு பேரை நிற்க வைப்பார்கள். அந்த நாலு பேர் நிஜத்தில் வருவார்களா மாட்டார்களா என்று வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவது நான். இருபது வருடமாகப் பார்க்கிறேன். அலுவலகத்தில் எனக்கு சிசிடிவி என்று பெயர். என் காதுபடவே சொல்வார்கள், நானும் கண்டுகொள்வதில்லை.

இந்தத் தடவை என் தலையில் விழுந்தது ஒரு சதுக்கத்தின் மேற்கு மூலை. ஒரு பக்கம் மூடிக் கிடக்கும் அச்சகத்தின் பின்சுவர், இன்னொரு பக்கம் கடைகளின் முதுகு, நடுவில் ஒரு பெரிய மரம், மரத்தைச் சுற்றி ஏழு பெஞ்சு. அதை வண்டி நிறுத்துகிற இடமாக்கித் தரும்படி கடைக்காரர்கள் சங்கம் நகராட்சியிடம் கேட்டிருந்தது. சும்மாதானே கிடக்கிறது என்பது அவர்கள் வாதம். திட்ட அதிகாரி கறார் பேர்வழி. ஐந்து வாரம், சனி ஞாயிறு நீங்கலாக, சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை கால் மணிக்கு ஒருமுறை எண்ணுங்கள். சராசரியாக மூன்று பேராவது உட்கார்ந்திருந்தால் மூலை பிழைத்தது, இல்லாவிட்டால் மரத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

எண்ணுவதற்கு முறை இருக்கிறது. மூலையின் வரைபடத்தை ஒரு தாளில் அச்சடித்து வைத்துக்கொள்வேன். கால் மணிக்கு ஒரு தாள். பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் முக்கோணம், பக்கத்தில் உத்தேச வயது, என்ன செய்கிறார் என்று ஒரு வார்த்தை. நடந்து கடந்து போகிறவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், உட்கார்ந்தால்தான் புள்ளி. எண்ணுகிறவர் தன்னை எண்ணிக்கொள்ளக் கூடாது. எண்ணுகிறோம் என்று யாருக்கும் தெரியவும் கூடாது. தெரிந்தால் ஒன்று எழுந்து போய்விடுவார்கள், இல்லையென்றால் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி விறைப்பாக உட்காருவார்கள். அதனால் தாளை ஒரு வாரப் பத்திரிகைக்குள் செருகி வைத்துக்கொண்டு, சமையல் குறிப்பு படிக்கிற பாவனையில் எழுதுவேன். முக்கியமாக, யாரோடும் பேசக் கூடாது. பேசிவிட்டால் அவர் நம்மைப் பார்க்க வர ஆரம்பித்துவிடுவார், அப்புறம் இடத்தின் கணக்கு என் கணக்காகிவிடும்.

இந்தக் கடைசி விதி எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. வீட்டிலும் யாரோடும் பேசுவதில்லை. பேச ஆள் இருந்தால்தானே பேசுவதற்கு? என்னைக் கட்டிய மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, ஒரு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கச்சி போன் செய்வாள், அவள் பிள்ளைகள் பின்னால் அடித்துக்கொள்கிற சத்தத்தோடு. அவள் வைத்த பிறகு அடுத்து என் குரலை நான் கேட்பது திங்கட்கிழமை அலுவலகத்தில்தான். எனக்கே சில சமயம் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

முதல் நாள் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூலை முழுவதும் கண்ணில் படுகிற இடம் இரண்டே இரண்டுதான். ஒன்று மூன்றாம் பெஞ்சு, இன்னொன்று அதற்கு நேர் எதிரே மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏழாம் பெஞ்சு. ஏழில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சட்டையை உள்ளே செருகியவர், மடியில் நாலாக மடித்த செய்தித்தாள். பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசிப்பார், ஏதோ எழுதுவார், மறுபடி யோசிப்பார். குறுக்கெழுத்துப் புதிர் என்று புரிந்தது. "முக்கோணம், 50–55, தனி, புதிர் போடுகிறார்" என்று எழுதினேன்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். நாலு மணிக்கு நான் போகும்போது அவர் இருப்பார், ஆறு மணிக்கு நான் எழும்போதும் இருப்பார். அப்படி என்னய்யா புதிர் அது, இரண்டு மணி நேரம்? முதல் வாரம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வீட்டில் இருக்க விடாமல் யார் துரத்துகிறார்களோ, பாவம், என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வாரத்தில் அந்தப் பாவம் யாருக்கு என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மற்றவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். கடைத் தெருவின் பின்னால் தையல் மிஷின் போட்டிருக்கிற ஒருத்தி, கண்ணுக்கு ஓய்வு என்று கால் மணி அரை மணி வந்து உட்காருவாள். தபால்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை நீட்டி மடக்குவார். பள்ளிக்கூட ஆயா ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்து மிச்சத்தைச் சாப்பிடுவாள். எல்லோரும் தனித்தனியாக, மற்ற எவர் பக்கமும் போகாமல். இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை. ஆனால் வந்தார்கள். மூன்று என்ற கோட்டுக்கு மேலே கீழே என்று கணக்கு ஊசலாடிக்கொண்டே இருந்தது, ஏழாம் பெஞ்சுக்காரர் மட்டும் ஒவ்வொரு தாளிலும் ஆணி அடித்த மாதிரி இருந்தார்.

மூன்றாவது ஞாயிறு தங்கச்சியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"யாருக்கா அது?"

"யாரும் இல்லடி. எதிர்ல உக்காருவாரு. ஏழாம் நம்பர்."

"நம்பரா? பேரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? பேசக் கூடாது."

"யாரு சொன்னா?"

"என் வேலை சொல்லுது."

"நல்ல வேலைக்கா, போ. நேத்து என்ன சட்டை போட்டிருந்தாரு, அதையாவது சொல்லு."

நேற்று சனிக்கிழமை, அங்கே யாரும் போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் என்னவோ, "வெள்ளிக்கிழமை சாம்பல் கலர்" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் சண்டையை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார்கள்.

சொல்லிவிடுகிறேன். அந்த மூலை பிழைக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. இருபது வருடத்தில் எத்தனையோ இடங்களை எண்ணியிருக்கிறேன். சிலவற்றை வைத்தார்கள், சிலவற்றை இடித்தார்கள், நான் தாளைக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன். இந்த ஒன்று மட்டும் வேண்டும் போல் இருந்தது. ஒரு நாளில் நாலிலிருந்து ஆறு வரைதான் எனக்கு எதிரே ஒரு மனிதர் இருந்தார். வேலை முடிந்த பிறகும், தாள் பேனா இல்லாமல், சும்மா அங்கே போய் உட்காரலாம் என்று ஆசைப்பட்டேன். அப்போது விதி எதுவும் கிடையாது, "இன்னுமா புதிர் முடியல?" என்று கேட்கலாம். இவ்வளவுதான் என் பேராசை.

நாலாவது வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எழுந்திருக்கவே முடியவில்லை. கஞ்சி வைக்கக்கூடத் தெம்பில்லாமல் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றேன். எங்கள் வடிவமைப்பாளர் மேடத்துக்கு மட்டும் தகவல் அனுப்பினேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், கெட்டிக்காரி, மூச்சுவிட நேரமில்லாதவள். "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று பதில் வந்தது. அரை மணி கழித்து இன்னொன்று வந்தது: "அந்த ரெண்டு நாளைக்கு மத்த நாள் சராசரியைப் போட்டுடலாமே?" காய்ச்சலிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இல்லாத நாளில் யார் இருந்தார்கள் என்று நான் எப்படி எழுதுவது? "இரண்டு நாள் தாள் இல்லை. இல்லை என்றே போடுங்கள்" என்று திருப்பி அனுப்பினேன். அவள் அதற்குப் பதில் எழுதவில்லை. வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. தங்கச்சிக்கு ஞாயிற்றுக்கிழமைதானே முறை.

புதன்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனேன். ஏழாம் பெஞ்சுக்காரர் என்னைப் பார்த்தார், சட்டென்று செய்தித்தாளில் குனிந்துகொண்டார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

ஐந்து வாரம் முடிந்தது. இருபத்து மூன்று நாள் தாள்களைக் கூட்டி வகுத்தேன். மூன்று புள்ளி இரண்டு. நம்பாமல் மறுபடி கூட்டினேன். அதே மூன்று புள்ளி இரண்டு. மேசையை ஓங்கித் தட்டினேன், பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான். சிசிடிவிக்கு உணர்ச்சியெல்லாம் உண்டா என்ற மாதிரி இருந்தது அவன் முகம்.

நகராட்சியில் கூட்டம் வெள்ளிக்கிழமை காலையில். நீளமான மேசை, இரண்டு பக்கமும் நாற்காலி, தண்ணீர் பாட்டில்கள். மேடமும் நானும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் கடைக்காரர்கள் சங்கத் தலைவர், அவர் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. திட்ட அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சங்கமும் வெளியூர்லேர்ந்து ஒரு ஆளை வெச்சு எண்ணியிருக்காங்க. நான்தான் அனுமதி குடுத்தேன். ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியக் கூடாதுன்னு சொல்லாம விட்டேன். அப்பதான் கணக்கு சுத்தமா இருக்கும், என்ன?"

கதவு திறந்தது. உள்ளே வந்தது ஏழாம் பெஞ்சு.

அதே சாம்பல் நிறச் சட்டை. கையில் செய்தித்தாள் இல்லை, கோப்பு இருந்தது. என்னைப் பார்த்தார். வாசலில் ஒரு நொடி நின்றுவிட்டார், சங்கத் தலைவர் "வாங்க வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் அசைந்தார். புதிராவது, மண்ணாங்கட்டியாவது! என்னை மாதிரியே தாளை மடித்து ஒளித்து வைத்துக்கொண்டு ஐந்து வாரம் என் எதிரில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். இரண்டு பேரும் தொழிலில் கெட்டிக்காரர்கள், அதுதான் கோளாறு. ஒருவர் மட்டும் கொஞ்சம் அரைகுறையாக இருந்திருந்தால் இரண்டாம் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அதிகாரி அவருடைய அறிக்கையை எடுத்து எல்லோருக்கும் ஒரு பிரதி தள்ளினார். "மூணு புள்ளி ஒண்ணு" என்று படித்தார். சங்கத் தலைவர் தான் கூட்டிவந்த ஆளையே முறைத்தார். அதிகாரி எங்கள் அறிக்கையைப் பார்த்தார். "இங்க மூணு புள்ளி ரெண்டு. ஆக ரெண்டு தரப்பும் ஒண்ணையேதான் சொல்றீங்க. இதுல இனிமே பேச என்ன இருக்கு? மூலை இருந்துட்டுப் போகட்டும்."

மேடம் மேசைக்கு அடியில் என் கையை அழுத்தினாள். நான் அவருடைய அறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வரைபடம் என்னுடையது மாதிரியே. மூன்றாம் பெஞ்சில், தாளுக்குத் தாள், ஒரு வட்டம். "பெண், 45–50, தனி, பத்திரிகை படிக்கிறார்." என் கணக்கில் அவர் ஒன்று, அவர் கணக்கில் நான் ஒன்று. இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் இரண்டு புள்ளி சொச்சம்தான். அந்த அறையில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தார். வாயைத் திறக்கவில்லை.

நானும் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? மரம் இருக்கும், தபால்காரர் காலை நீட்டுவார், நானும் போய் உட்காருவேன். இருபது வருடம் ஒழுங்காக இருந்ததற்கு ஒரே ஒரு தடவை சும்மா இருந்தால் குடியா முழுகிவிடும்?

அப்போதுதான் குறிப்புப் பத்தி கண்ணில் பட்டது. மழை, சத்தம், தெருவில் தோண்டிய பள்ளம் என்று எண்ணிக்கையைப் பாதிக்கிற விஷயங்களை எழுதுகிற இடம் அது. பதினாறாம் நாளுக்கு நேராக இப்படி இருந்தது: "பெஞ்சு 3 பெண் இன்று வரவில்லை." பதினேழாம் நாள்: "இன்றும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதோ." பதினெட்டாம் நாள்: "வந்துவிட்டார். இளைத்திருக்கிறார்."

எங்கள் தொழிலில் இருக்கிறவர்களைத்தான் எழுதுவோம். வராதவர்களை எழுத ஆரம்பித்தால் உலகத்தில் மற்ற எல்லோரையும் எழுத வேண்டிவரும். அப்படி ஒரு வழக்கம் எந்த முறையிலும் கிடையாது. நான் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்த இரண்டு நாளும் இந்த ஊரில் ஓர் ஆள் மூன்றாம் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், யாரும் கேட்காததை மெனக்கெட்டு எழுதியிருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதோடு கோபமும் வந்தது, ஏன் என்று கேட்காதீர்கள். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இப்படி எழுதிய ஆளின் தாளைப் பொய்த் தாளாக்க என்னால் முடியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மூன்று வரியும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

"சார், அந்த மூணாம் பெஞ்சுப் பெண் நான்தான்" என்றேன்.

அதிகாரிக்குப் புரியவில்லை. "எந்தப் பெண்?"

"இவரோட கணக்குல தினமும் வர்ற பெண். அது நான். அங்க உக்காந்து எண்ணிக்கிட்டிருந்தேன். என்னை எடுத்துடணும்."

மேடம் என் கையை விட்டாள். சங்கத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இவங்க கணக்கு?" என்று அதிகாரி என் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். என் வாயால் ஏழாம் பெஞ்சுக்காரரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவரே எழுந்து நின்றார். "ஏழாம் பெஞ்சு நான், சார். என்னையும் எடுத்துடுங்க." முதல் முறையாக அவர் குரலைக் கேட்டேன். கொஞ்சம் கட்டைக் குரல்.

அதிகாரி கால்குலேட்டரைத் தட்டினார். இரண்டு பக்கமும் இரண்டு புள்ளி இரண்டு வந்தது. "அடக் கடவுளே, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் எண்ணிக்கிட்டா அஞ்சு வாரம் உக்காந்திருந்தீங்க?" என்று சிரிக்க ஆரம்பித்தார். தலைவரும் சிரித்தார். நாங்கள் சொல்லாமலிருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்று சிரித்து முடித்த பிறகு அதிகாரிக்கே உறைத்திருக்க வேண்டும், என் முகத்தைப் பார்க்காமல் கோப்பில் ஏதோ எழுதினார். அடுத்த மாதம் முதல் தேதி தார் போடும் வேலை தொடங்கும் என்றார்.

மேடம் எனக்காகக் காத்திராமல் காரில் ஏறிப் போய்விட்டாள். நகராட்சி வாசலில் உட்கார ஓர் இடம் இல்லை, வடிவமைப்பு அப்படி. நாங்கள் இரண்டு பேரும் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றோம்.

"காய்ச்சலா?" என்று கேட்டார்.

"ஆமா."

"நினைச்சேன். இப்ப தேவலையா?"

"அதெல்லாம் போயிடுச்சு. வராத ஆளையெல்லாம் எழுதக் கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

"தெரியும். மனசு கேக்கல. தினம் பார்த்த ஆளு." பாட்டில் மூடி இன்னும் அவர் கையில் இருந்தது. "ஒரு நாள் வந்து கேட்டுடலாம்னுகூட எழுந்தேன். பேசினா கணக்கு கெட்டுடுமேன்னு மறுபடி உக்காந்துட்டேன்."

"பேசாம இருந்து மட்டும் என்ன வாழ்ந்துச்சு?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய போன் அடித்தது. எடுத்து, "முடிஞ்சுதும்மா. மத்தியான பஸ்ல ஏறிடுவேன். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவேன். சின்னவனைத் தூங்கிட வேண்டாம்னு சொல்லு" என்றார். வைத்துவிட்டு, "வீட்ல" என்றார். நான் தலையாட்டினேன். அவருக்கு வீடு இருக்காது என்று எனக்கு யார் சொன்னது? எதிர் பெஞ்சில் தனியாக இருந்தால் எல்லா இடத்திலும் தனியாகத்தான் இருப்பார் என்று நானாக எழுதிக்கொண்டது. இருபது வருட அனுபவம் வேறு!

"உங்க வீட்ல?" என்று கேட்டார்.

"தங்கச்சி இருக்கா" என்றேன். எங்கே இருக்கிறாள் என்று சொல்லவில்லை.

போகும்போது கை கூப்பினார். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்து, "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றார். அதே வார்த்தை மேடத்திடமிருந்தும் வந்ததுதான். சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். கால் போயிற்று, நானும் கூடவே போனேன். மரத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தேன். கையில் பத்திரிகை இல்லாததால் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏழாம் பெஞ்சு காலியாக இருந்தது. தபால்காரர் வரவில்லை, ஆயாவும் வரவில்லை.

தையல்காரி வந்தாள். மூலையின் முனையில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்து, பக்கத்தில் பையை வைத்து, அரை பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"எங்க, உங்க வீட்டுக்காரரைக் காணோம்?"

"யாரை?"

"அதான், எதிர்ல உக்காருவாரே." உதட்டைச் சுழித்து ஏழாம் பெஞ்சைக் காட்டினாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. தபால் குடுக்க வரும்போது தபால்காரரும் நானும் பேசிக்குவோம். வீட்ல சண்டை போல, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க மாட்டேங்குறாங்க, ஆனா ஒருத்தரை விட்டு ஒருத்தரால இருக்கவும் முடியல, தினமும் வந்து எதிரும் புதிருமா உக்காந்துக்கறாங்கன்னு. நீங்க நடுவுல ரெண்டு நாள் வரல பாருங்க, மனுஷன் நிலைகொள்ளாம எழுந்து எழுந்து தெருமுனையைப் பார்த்தாரு. அப்பவே நான் சொன்னேன், கோபமெல்லாம் சும்மா, உள்ளுக்குள்ள பாசம்தான்னு."

மறுக்க வாயெடுத்தேன், அவள் விடவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் வர ஆரம்பிச்ச பிறகுதான் நாங்கள்லாம் இங்க உக்காரவே ஆரம்பிச்சோம். அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் யாரு வருவா? அச்சகத்துச் சுவரும் அதுவும், பார்த்தாலே பயமா இருக்கும். இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்திருந்தீங்களா, ஒரு தைரியம்."

எங்கள் இரண்டு பேரை எடுத்தோம், இரண்டு புள்ளி இரண்டு என்றோம், அதிகாரி சிரித்தார். அந்த இரண்டு புள்ளி இரண்டும் எங்களால் வந்ததுதான். அந்த மூலை காலியான மூலைதான், சங்கம் சொன்னது சரி. இரண்டு பேர் உட்கார்ந்த பிறகு அது காலியான மூலையாக இல்லை, நாங்கள் சொன்னதும் சரி. இதை எந்தத் தாளில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று இருபது வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

"சமாதானம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆயிடுச்சு" என்றேன்.

"அப்பாடா. எங்க அவரு?"

"ஊருக்குப் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

இத்தனை வருடத்தில் இல்லாத ஓர் ஆளை இருப்பதாக ஒரு புள்ளிகூட நான் வைத்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட வைக்கவில்லை.

"நாளைக்கு வந்துடுவாரு" என்றேன்.

"அப்ப சரி." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "இன்னைக்கு நீங்க மட்டும்தான் இருக்கீங்க, என்னவோ போல இருக்கு. நானும் நாளைக்கே வர்றேன்."

சுவர் ஓரமாக வேகமாக நடந்து தெருமுனையில் திரும்பிவிட்டாள். மணி நாலேகால்கூட ஆகவில்லை. ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.